பந்தை அடிக்காதவரைப் பாருங்கள்

மன்னார்குடியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிமூன்று வயது மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போய், நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானத்தில் சேலஞ்சர் என்கிற இரண்டாம் நிலைத் தொழில்முறைப் போட்டியின் ஆண்கள் இரட்டையர் இறுதியாட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் வலையருகே குனிந்தபடி முதுகுக்குப் பின்னால் விரல் காட்டினார். 40-40 ஆனதும் ஒரே பாயின்ட்டில் கேம் முடிந்துபோனது. ஆளுக்கொரு செட் என்று நின்றபோது மூன்றாவது செட்டை ஆடவே இல்லை, பத்து பாயின்ட்டோடு கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். "இதில் எதைத் திறமை என்று பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனசு கடைசி வரியில்தான் இருக்கிறது. மகனின் பயிற்சியாளர் "இவனுக்கு டபுள்ஸ் நல்லா வரும்" என்று சொல்லியிருக்கிறார். அது பாராட்டா, அல்லது ஒற்றையரில் தேறமாட்டான் என்பதை நாசூக்காகச் சொன்னாரா என்று உங்களுக்கு உறுத்துகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதில் பாதி தீர்ந்துவிடும்.

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாவட்ட, மாநில அளவில் ஆடியிருக்கிறேன், நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். தொழில்முறைச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஆடியவன் அல்ல. அதனால் விதி, அளவு, வரலாறு பற்றிச் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று சொல்லும் இடத்தில் மட்டும் அது என் அனுபவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பயிற்சியாளர் மாற்றிச் சொன்னால் அவர் தப்பு என்று ஆகிவிடாது.

இரட்டையர் ஆட்டம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டுவார்கள். ஒற்றையரில் அது போதும், பந்து இருக்கும் இடத்தில்தான் ஆட்டமும் இருக்கிறது. இரட்டையரில் அப்படி இல்லை. சர்வீஸ் போடுகிறவரும் அதைத் திருப்பி அடிக்கிறவரும் பந்தைத் தொடுகிறார்கள். ஆனால் அந்தத் திருப்பி அடிப்பு எங்கே போகும், எவ்வளவு பயத்தோடு போகும் என்பதைத் தீர்மானிப்பவர் வலையருகே பந்தே தொடாமல் நிற்கிற ஆள். அவர் ஒரு காலை எடுத்து வைத்தால் போதும், எதிரே அடிக்கிறவரின் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போகும், பந்து வலையில் போய் விழும். ஸ்கோர் பலகையில் அந்தப் பாயின்ட்டுக்கு அவர் பெயரை யாரும் எழுதப் போவதில்லை. நீங்கள் பார்த்த ஆட்டத்தில் "எதிராளி சும்மாவே தப்பாக அடித்தார்" என்று தோன்றிய பாயின்ட்டுகளில் பாதிக்கு மேல் இப்படி விளைந்தவையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இதற்குக் காரணம் நேரம். டென்னிஸ் தரையின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையரில் இருவரும் பேஸ்லைனில், அதாவது தரையின் பின்கோட்டில், நின்றால் பந்து ஏறத்தாழ அந்த முழுத் தூரமும் போக வேண்டும். இரட்டையரில் வலையருகே நிற்பவர் வலையிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் பேஸ்லைனிலிருந்து அவர் மட்டைக்குப் பதினாலரை மீட்டர்கூட இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து அந்தத் தூரத்தை அரை விநாடியில் கடந்துவிடும். அந்த அரை விநாடிக்குள் பார்த்து, முடிவு செய்து, இரண்டு மூன்று எட்டு வைத்து, மட்டையை நீட்ட வேண்டும். பந்து கிளம்பின பிறகு யோசித்தால் முடியாது. அதனால்தான் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் காட்டும் விரல் அந்தப் பேச்சுதான்.

முதுகுக்குப் பின்னால் ஏன் என்றால், அதை சர்வீஸ் போடுகிற பார்ட்னர் பார்க்க வேண்டும், எதிரணி பார்க்கக் கூடாது. அதில் இரண்டு செய்தி இருக்கும். ஒன்று, சர்வீஸை எங்கே போடுவது: நடுக்கோட்டை ஒட்டியா, உடம்பின் மேலா, வெளிப்பக்கமா. இன்னொன்று, பந்து போனதும் நான் குறுக்கே பாயப் போகிறேனா, இருந்த இடத்திலேயே நிற்பேனா, பாய்வது போல் பாவனை காட்டிவிட்டுத் திரும்புவேனா. பல ஜோடிகளுக்கு மூடின கை என்றால் நிற்பது, விரித்த கை என்றால் பாய்வது. அது ஜோடிக்கு ஜோடி மாறும். குனிந்து நடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்தாற்போல் இருந்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு ஐ-ஃபார்மேஷன் என்று பெயர். சர்வீஸ் போடுகிறவரும் வலையாளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், எந்தப் பக்கம் காலியாகப் போகிறது என்று எதிராளிக்குக் கடைசி வரை தெரியாது. குனிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தன் பார்ட்னர் போட்ட சர்வீஸ் தன் மேல் பட்டுவிட்டால் அது ஃபால்ட், அதாவது தவறிய சர்வீஸ்.

இதில் நானே கற்றுக்கொண்ட ஒரு பாடம் உண்டு, அதைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. கும்பகோணத்தில் ஒரு கிளப்பில் இரட்டையர் இறுதி. என் பார்ட்னர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வங்கியில் வேலை, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மண் தரை. மாலை ஐந்தரை மணி வெயில் சாய்ந்து கண்ணில் அடிக்கிறது. இரண்டாவது செட் 5-5, 40-40. நான் முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக் காட்டினேன், குறுக்கே பாய்கிறேன் என்று. அண்ணன் பேசினபடியே நடுக்கோட்டில் சர்வீஸைப் போட்டுவிட்டு, நான் விட்டுப் போகிற பக்கத்தைக் காக்க ஓடி வந்துவிட்டார். நான் போகவில்லை. எதிராளியின் தோள் திரும்பினதைப் பார்த்து, என் பக்கம்தான் அடிக்கப் போகிறார் என்று கடைசி நொடியில் தயங்கி நின்றுவிட்டேன். பந்து, இருவருமே இல்லாத அந்தப் பாதியில், செம்மண்ணில் ஒரு தடம் பதித்துவிட்டு வேலியில் போய் இடித்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க நிற்கிறோம். அண்ணன் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காட்டினா போயிடணும் தம்பி. பந்து வேற பக்கம் போனாலும் பரவாயில்லை, போயிடணும்" என்றார். அந்த ஆட்டத்தில் தோற்றோம். இருபது வருஷமாக என் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற முதல் பாடம் அண்ணனின் அந்த வாக்கியம்தான். உன் முடிவு தப்பாக இருந்தால் ஒரு பாயின்ட் போகும். சொன்னபடி செய்யாவிட்டால் உன் பார்ட்னர் அடுத்த பத்து பாயின்ட்டுக்கு உன்னை நம்பமாட்டார்.

அடுத்தது நடுவில் வருகிற பந்து. ஒற்றையர் தரையின் அகலம் 27 அடி. இரட்டையருக்கு இரண்டு ஓரத்திலும் நாலரை அடி கூட்டி 36 அடி. அகலம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் ஆள் இரண்டு மடங்கு. அதனால் ஓரத்தில் இடம் தேடுவதைவிட, இரண்டு பேருக்கும் நடுவில் அடிப்பதுதான் பல நேரம் புத்திசாலித்தனம். வலையும் அதற்குத் தோதாக இருக்கிறது: கம்பங்கள் அருகே மூன்றரை அடி உயரம், நடுவில் மூன்றடி. நடுவில் அடித்தால் வலை தாழ்வு, கோட்டைத் தாண்டி வெளியே போகிற பயம் இல்லை, அதற்கும் மேலாக எதிரணி இருவருக்கும் "இது யாருடையது?" என்ற கேள்வி. நம் ஊரில் வரப்போரத்துப் பயிர் யாருடையது என்று கேட்டால் அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுபோகும். அதே கதைதான் இங்கேயும், என்ன, இங்கே அரை விநாடிக்குள் பஞ்சாயத்து முடிய வேண்டும்.

புதிதாக ஜோடி சேர்ந்த இரண்டு பையன்களை இறக்கிவிட்டு நடுவில் ஒரு பந்து போட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் மட்டையைத் தூக்குவார்கள், இரண்டு பேரும் மற்றவனைப் பார்ப்பார்கள், பந்து நடுவில் புகுந்து போகும். அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "உன் பந்துடா" என்பார்கள். இதற்குப் பொதுவான வழக்கம் ஒன்று இருக்கிறது. இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால் இடது பாதியில் நிற்பவருக்கு நடுப்பந்து ஃபோர்ஹேண்டில், அதாவது மட்டை பிடித்த கைப்பக்கத்தில், விழும், அவர் எடுக்கலாம். வலைக்கு அருகில் இருப்பவர் எடுக்கலாம் என்பது இன்னொரு வழக்கம். எது என்பதைவிட, ஆட்டத்துக்கு முன்னாலேயே ஒன்றை முடிவு செய்துகொள்வது முக்கியம். அமெரிக்காவின் பிரையன் சகோதரர்கள், பாப், மைக், சேர்ந்து 16 கிராண்ட்ஸ்லாம் (உலகின் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகள்) பட்டமும் மொத்தம் 119 பட்டமும் வென்றார்கள். இரட்டைப் பிறவிகள், ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை. அதனால் ஒரு பக்கம் நின்றால் இரண்டு ஃபோர்ஹேண்டும் நடுவில் வரும், இன்னொரு பக்கம் நின்றால் இரண்டும் ஓரத்தில் வரும். எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று ஒரு ஜோடி யோசிப்பது இப்படித்தான். வெயிலிலும் இடக்கை-வலக்கை ஜோடிக்கு ஒரு வசதி உண்டு. ஒருவர் கண்ணில் சூரியன் அடிக்கிற பக்கத்தில் மற்றவர் சர்வீஸ் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே டெல்டாக்காரர்களுக்கு ஒரு முன்கூட்டிய பழக்கம் உண்டு என்று எனக்கு எப்போதும் தோன்றும். அதுதான் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, மர மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். 1856-ஆம் ஆண்டு வாக்கில் தஞ்சை அரச குடும்பத்தார் ஆடியதிலிருந்து பரவியது என்று சொல்வார்கள். அந்த ஆண்டுக் கணக்கை நான் செவிவழியாக வந்த செய்தி என்ற அளவில்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நம் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் அந்த ஆட்டம் ஊறிப்போயிருந்ததை நானே பார்த்து வளர்ந்தவன். பூப்பந்தில் பந்து தரையில் விழக்கூடாது, எல்லாமே வாலிதான். முன்னால் நிற்பவன், நடுவில் நிற்பவன், பின்னால் நிற்பவன் என்று ஒவ்வொருவனுக்கும் எல்லை உண்டு. நான் எட்டாம் வகுப்பில் பூப்பந்தில் முன்வரிசையில் நின்றவன். டென்னிஸ் மட்டை கையில் வந்தபோது வலையருகே நிற்கப் பயமே இருக்கவில்லை. உங்கள் மகன் பள்ளியில் பூப்பந்து ஆடியிருக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். அவன் பயிற்சியாளர் அவனிடம் பார்த்தது அந்தக் கையாகவே இருக்கலாம்.

இனி, 40-40. ஏடிபி என்கிற ஆண்கள் தொழில்முறைச் சுற்றின் இரட்டையர் ஆட்டங்களில் 2006 முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. டியூஸ், அட்வான்டேஜ் என்று இரண்டு பாயின்ட் வித்தியாசம் வரும் வரை ஆடுவதெல்லாம் கிடையாது, 40-40 ஆனால் அடுத்த பாயின்ட்டுக்கு கேம். அந்த ஒரு பாயின்ட்டுக்கு எந்தப் பக்கத்தில், அதாவது தங்கள் இருவரில் யார் சர்வீஸை எதிர்கொள்வது என்பதை எதிர்கொள்ளும் அணியே முடிவு செய்யலாம். மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்து பாயின்ட் டை-பிரேக், முதலில் பத்து எடுப்பவருக்கு ஆட்டம். இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும். ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று முன்கூட்டித் தெரிந்தால் அட்டவணை போடுவது சுலபம், ஒற்றையர் வீரர்களும் களைத்துவிடாமல் இரட்டையரில் பெயர் கொடுப்பார்கள் என்பது நோக்கம். அன்றைக்கு இரட்டையர் வீரர்கள் பலர் இந்த மாற்றங்களை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். கிராண்ட்ஸ்லாம்களில் இன்னும் மூன்றாவது செட்டை முழுதாகத்தான் ஆடுகிறார்கள், 6-6 ஆனால் மட்டும் பத்து பாயின்ட் டை-பிரேக். விம்பிள்டனில் 2022 வரை ஆண்கள் இரட்டையர் ஐந்து செட் ஆட்டமாக இருந்தது, 2023-லிருந்து மூன்று செட்.

"ஒரே பாயின்ட்டில் கேம் என்றால் அது அதிர்ஷ்டம்தானே?" என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சர்வீஸ் போடுகிற ஜோடி நூற்றுக்கு 65 பாயின்ட்டை வெல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் நூறு சர்வீஸ் கேமில் சுமார் 83 அவர்களுக்கு வரும். இந்தப் புதிய முறையில் 80. கேம்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுதான் 40-40 வரை போகும். ஆக, ஒரு கேம் என்று பார்த்தால் மாற்றம் மிகச் சின்னது. ஆனால் செட்டுக்கு இரண்டு மூன்று முறை அந்த ஒற்றைப் பாயின்ட் வரும், 6-4, 7-5 என்று முடிகிற ஆட்டத்தில் ஒரே ஒரு பிரேக், அதாவது எதிராளி சர்வீஸ் போடுகிற கேமைப் பறிப்பது, செட்டையே தூக்கிக் கொடுத்துவிடும். அதனால் அதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்துவிட்டது என்பது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. அந்த ஒற்றைப் பாயின்ட்டில் எந்த ஜோடி எப்படி நிற்கிறது, யார் எதிர்கொள்ளப் போகிறார், சர்வீஸ் போடும் ஜோடி அதற்கு முன்னால் கூடிப் பேசுகிறதா என்று பார்த்தால், எனக்கு அதில் அதிர்ஷ்டத்தைவிடத் துணிச்சல்தான் தெரிகிறது.

நுங்கம்பாக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2011 சென்னை ஓபன் இரட்டையர் இறுதியில் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் ராபின் ஹாசே, டேவிட் மார்ட்டின் ஜோடியோடு மோதினார்கள். முதல் செட் 6-2, சுலபம். இரண்டாவது செட் டை-பிரேக்கில் கைவிட்டுப் போனது. பத்து பாயின்ட் டை-பிரேக்கை 10-7 என்று எடுத்தார்கள். பல வருஷம் பிரிந்து வேறு வேறு ஆட்களோடு ஆடிவிட்டு, அந்த வருஷம்தான் மறுபடி சேர்ந்திருந்தார்கள். அதே மாதம் ஆஸ்திரேலிய ஓபனிலும் இறுதி வரை போய் பிரையன் சகோதரர்களிடம் தோற்றார்கள். இடைவெளி விட்டாலும் ஒருவர் எங்கே நகர்வார் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து வாங்கின முதல் ஏடிபி பட்டமே 1997-இல் இதே சென்னையில்தான். பிறகு 1998, 1999, 2002, 2011 என்று, அதையும் சேர்த்து ஐந்து முறை இங்கே வென்றார்கள். 1999-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் இறுதிக்குப் போய், பிரெஞ்ச் ஓபனையும் விம்பிள்டனையும் கைப்பற்றினார்கள்.

அந்த ஏடிபி போட்டி சென்னையில் கடைசியாக நடந்தது 2017-இல். அதன் இரட்டையர் இறுதியில் நான்கு பேருமே இந்தியர்கள்: ரோகன் போபண்ணாவும் சென்னைக்காரர் ஜீவன் நெடுஞ்செழியனும் ஒரு பக்கம், புரவ் ராஜாவும் திவிஜ் சரணும் எதிர்ப்பக்கம். போபண்ணா, ஜீவன் ஜோடி 6-3, 6-4 என்று வென்றது. அடுத்த வருஷம் அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. நீங்கள் பார்த்த சேலஞ்சர் அதற்கு ஒரு படி கீழே உள்ள நிலை. அதே மைதானத்தில் தரம் ஒரு படி இறங்கிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பெரிய ஒற்றையர் வீரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்த ஜோடிகள் நிற்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் ஒரே பதில் இல்லை. 2013 சென்னை ஓபனில் வாவ்ரிங்காவும் பெனுவா பேரும் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார்கள், இருவருமே ஒற்றையர் ஆட்டக்காரர்கள். 2022 ஆஸ்திரேலிய ஓபனை நிக் கிர்கியோஸும் தனாசி கொக்கினாகிஸும் வைல்டு கார்டில், அதாவது அமைப்பாளர்கள் தரும் சிறப்பு இடத்தில், உள்ளே வந்து வென்றார்கள். பெரிய சர்வீஸ், பெரிய ரிட்டர்ன் இருந்தால் ஒரு வாரத்துக்கு இரட்டையர் நுணுக்கத்தை உடைத்துவிட முடியும். ஆனால் அந்த இறுதியில் தோற்ற மேத்யூ எப்டனும் மேக்ஸ் பர்சலும் அதே வருஷம் விம்பிள்டனை வென்றார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த எப்டன்தான் 2024-இல் போபண்ணாவோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓபனை எடுத்தார். வருஷம் முழுக்க நிற்பவர்கள் இரட்டையரையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள்தான்.

இப்போது மகன் விஷயம். "டபுள்ஸ் நல்லா வரும்" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால் அதில் மட்டம் தட்டுவது எதுவும் இல்லை. கை வேகம், வலையருகே பயமின்மை, பக்கத்தில் இருப்பவனைக் கவனிக்கிற குணம், இவை மூன்றும் ஒரு பையனிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். நான் சொல்லிக்கொடுத்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் அப்படி இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பதிமூன்று வயதில் ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையர் மட்டும் ஆட வைக்காதீர்கள். இது என் அபிப்பிராயம்தான், ஆனால் உறுதியான அபிப்பிராயம். இரட்டையருக்கே பெயர் போன பயஸ், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது ஒற்றையரில். 1998-இல் நியூபோர்ட்டில் ஒற்றையர் பட்டமும் வாங்கினார். சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2018-இல் அதே நியூபோர்ட்டில் ஒற்றையர் இறுதி வரை போனவர். 2022-இல் போபண்ணாவோடு அடிலெய்டிலும் புனேவிலும் இரட்டையர் பட்டம் வென்றார். பேஸ்லைனில் தனியாக நின்று பத்துப் பதினைந்து பந்து அடித்துத் தாக்குப்பிடிக்கிற கால், ரிட்டர்ன் அடிக்கிற நிதானம், இதெல்லாம் ஒற்றையர் கொடுக்கிற சொத்து. அது இல்லாமல் வலைக்குப் போகிற பையன் உள்ளூரில் ஜெயிப்பான், அடுத்த நிலையில் அவன் சர்வீஸும் ரிட்டர்னும் தாங்காது. ஜூனியர் போட்டிகளில் ஒற்றையரோடு இரட்டையரும் நடக்கும், இரண்டிலும் பெயர் கொடுங்கள். பதினேழு, பதினெட்டு வயதுக்குப் பிறகு எது தன் வழி என்று ஆட்டமே சொல்லும்.

பணத்தைப் பற்றியும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட வேண்டும். இரட்டையரில் பரிசுத்தொகை குறைவு, அதுவும் ஜோடிக்கென்று அறிவிப்பதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். போபண்ணாவும் எப்டனும் சேர்ந்து வாங்கியது 7.3 லட்சம். உச்சியிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் சேலஞ்சர் நிலையில் விமான டிக்கெட்டும் ஹோட்டல் செலவும் போக என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். மறுபக்கம், இரட்டையர் வீரரின் காலம் நீளம். ஓட வேண்டிய தூரம் குறைவு, பாயின்ட்டுகள் சீக்கிரம் முடியும், முழங்காலுக்குப் பாரம் குறைவு. பயஸ் 2013 யு.எஸ். ஓபன் இரட்டையரை வென்றபோது வயது 40. போபண்ணா அந்த ஆஸ்திரேலிய ஓபனை வென்றபோது 43. அந்த வயதில்தான் முதல் முறையாக உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கும் வந்தார். வாலியில் கை தேர வருஷங்கள் வேண்டும், தேர்ந்த கை சீக்கிரம் போகாது. இதை ஒரு வாழ்க்கைத் திட்டமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எந்தப் பயிற்சியாளரும் பதிமூன்று வயதுப் பையனைப் பார்த்து இவன் தொழில்முறைக்குப் போவான் என்று உறுதி சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊரில் ஒரு கஷ்டம் உண்டு, தரை. டெல்டாவின் வண்டல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் சேறாகிவிடும். எங்கள் தரைக்கு வல்லம் பக்கமிருந்து லாரியில் செம்மண் கொண்டுவந்து, அடியில் சரளை போட்டு, தண்ணீர் தெளித்து உருளை இழுத்துத்தான் வைத்திருக்கிறோம். அப்படியும் அடைமழை வருஷங்களில் இரண்டு மாதம் மட்டையைத் தொட முடியாது. நுங்கம்பாக்கம் ஹார்ட் கோர்ட், பந்து சறுக்கிக்கொண்டு வேகமாக வரும். மண் தரையில் மட்டும் பழகின பையன் அங்கே முதல் நாள் திணறுவான், திணறட்டும். மழை மாதத்தில் தரை கிடைக்காதபோது ஒரு சுவரும் பத்துக்குப் பத்து சிமென்ட் இடமும் போதும். சுவரிலிருந்து நாலு மீட்டர் தள்ளி நின்று, பந்து தரையில் விழாமல் வாலியாகவே திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். ஐம்பது தொடர்ந்து வரும் வரை நிறுத்த வேண்டாம். அதோடு, ஒரே பார்ட்னரோடு குறைந்தது ஒரு வருஷமாவது ஆட விடுங்கள். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜோடியை மாற்றுகிற பெற்றோரை நிறைய பார்த்துவிட்டேன், அந்தப் பிள்ளைகள் நடுப்பந்தை எடுக்கக் கற்றுக்கொள்வதே இல்லை.

அடுத்த முறை சென்னைக்குப் போனால் பக்கவாட்டு கேலரியில் உட்காராதீர்கள். அங்கிருந்து பார்த்தால் பந்து இப்படியும் அப்படியும் போவது மட்டும்தான் தெரியும். பேஸ்லைனுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் இடம் பிடியுங்கள். அங்கிருந்து வலையாளின் கைவிரல் தெரியும், இரண்டு பேருக்கும் நடுவில் திறந்து மூடுகிற வழியும் தெரியும். மகன் கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். ஒரு செட் முழுக்க அவன் பந்தைப் பார்க்கவே வேண்டாம், வலையருகே நிற்கிற ஆளை மட்டும் பார்க்கட்டும். கை விரிந்ததா மூடியதா, சொன்னபடி போனாரா, போன பிறகு பாயின்ட் யாருக்கு என்று மூன்று கட்டம் போட்டு எழுதட்டும். எழுதி முடித்ததை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதுகிறேன்.